முதல் 800 மீட்டருக்கு எந்த நேரத்தை இலக்காக வைப்பது? பலரும் சறுக்கும் இடங்கள்

முதன்முதலாக 800 மீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுத்த அன்று, உள்ளங்கையில் பேனாவால் 2:15 என்று எழுதிக்கொண்டு போனேன். ஏன் 2:15 என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். இரண்டு நிமிடம் என்றால் பேராசை, இரண்டரை என்றால் கௌரவக் குறைச்சல், ஆகவே இடையில் ஒன்று, கணக்கு அவ்வளவுதான். 800 என்பது 400 மீட்டர் மைதானத்தில் இரண்டு சுற்று; முதல் சுற்றை 64 விநாடியில் முடித்தேன். கோட்டருகே நின்ற நண்பன் நேரத்தைக் கத்திச் சொன்னபோது சிரிப்புகூட வந்தது. 500 மீட்டர் வரை அந்தச் சிரிப்பு இருந்தது. 600-ஐத் தொட்டபோது தோள்கள் காதுவரை ஏறியிருந்தன, முழங்கால் தூக்கினால் எழவில்லை, எனக்குப் பின்னால் வந்த பள்ளிச் சிறுவன் ஒருவன் வளைவிலேயே என்னைக் கடந்து போனான். முடித்தது 2:34-இல். உள்ளங்கை எழுத்து வியர்வையில் பாதி கரைந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து அதே உடம்பு 2:24 ஓடியது. இடையில் பயிற்சியில் எந்த அதிசயமும் நடக்கவில்லை. முதல் சுற்றை 71-இல் ஓடினேன், மீதி தானாக வந்தது. அந்தப் பத்து விநாடியும் என் காலில் முன்பே இருந்தது. உள்ளங்கையில் இருந்த எண்தான் அதைத் தின்றுவிட்டது.

நடுத்தூர ஓட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் பிழை இதுதான்: கையில் எந்த அளவும் இல்லாமல் இலக்கை முடிவு செய்வது. பெரும்பாலும் அது ஒரு முழு எண்ணாக இருக்கும், அல்லது கூட ஓடும் நண்பனின் நேரமாக இருக்கும். மைதானங்களில் பயிற்சியாளர்கள் போடும் ஒரு எளிய கணக்கு உண்டு. உங்கள் 400 மீட்டர் சிறந்த நேரத்தை இரட்டித்து, அதனுடன் சில விநாடிகளைக் கூட்டுங்கள். நன்கு தேறியவர்களுக்குப் பத்து, பன்னிரண்டு விநாடி போதும். புதியவர்களுக்கு நான் பார்த்தவரை பதினைந்துக்குக் குறைவாகக் கூட்டினால் ஏமாற்றம்தான். என் 400 அப்போது 63. இரட்டித்தால் 126, பதினைந்தைக் கூட்டினால் 2:21. நான் எழுதிக்கொண்டு போன 2:15-க்கு, 400-ஐ 60-இல் ஓடக் கூடியவனாக இருந்திருக்க வேண்டும். அதைவிட வேடிக்கை, என் 400 சிறந்த நேரத்துக்கு ஒரே ஒரு விநாடி பின்தங்கிய வேகத்தில் முதல் சுற்றை ஓடிவிட்டு, இன்னொரு சுற்றும் அப்படியே ஓடிவிடலாம் என்று நம்பியிருக்கிறேன்.

ஆகவே போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு, நன்றாக ஓய்வெடுத்த ஒரு நாளில், ஒரு 400 வெள்ளோட்டம் ஓடிப் பாருங்கள். தனியாக ஓடினால் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும், பரவாயில்லை.

அடுத்த பொறி, பயிற்சி நேரத்தைப் பெருக்கிப் பார்ப்பது. ஆறு முறை 200 மீட்டர், ஒவ்வொன்றும் 32 விநாடி, இடையில் இரண்டு நிமிட நடை. வீட்டுக்குப் போகும் வழியில் மனம் கணக்குப் போடுகிறது: 32-ஐ நான்கால் பெருக்கினால் 2:08! அந்த இரண்டு நிமிட நடையைப் போட்டியில் யாரும் தரமாட்டார்கள். பெருக்கியே தீர வேண்டுமென்றால், இலக்கு வேகத்தில் 600 மீட்டரை ஒரே மூச்சாக ஓடிப் பாருங்கள். 600-இல் நின்றபோது இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று உண்மையாகச் சொல்ல முடிந்தால் அந்த இலக்கு உங்களுடையது. இடுப்பில் கை வைத்துக் குனிந்துவிட்டால் நான்கைந்து விநாடியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

முடிவு நேரத்தை மட்டும் குறித்துவைத்து, அதைச் சுற்றுகளாக உடைக்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் அதிகச் சேதம் விளைவிக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்ய வீரர் டேவிட் ருடிஷா 1:40.91 என்ற உலக சாதனையை ஓடியபோது முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63. இரண்டுக்கும் இடையே இரண்டரை விநாடிகூட இல்லை. 1976 மாண்ட்ரியல் இறுதிப் போட்டியில் நம் ஸ்ரீராம் சிங் 50.85-இல் முதல் சுற்றை முன்னின்று நடத்தினார்; இரண்டாவது சுற்றுக்கு ஏறக்குறைய 55 விநாடி ஆனது. உலகத் தரமான வீரரிடமே துணிச்சலான முதல் சுற்று நான்கு விநாடி வட்டி வசூலித்தது. என் முதல் போட்டியில் அந்த வட்டி 26 விநாடி. 800-இல் முதல் சுற்று கொஞ்சம் வேகமாக அமைவது இயல்புதான், ஆனால் புதியவர்களுக்கு இரண்டு மூன்று விநாடிக்குமேல் வேண்டாம். 2:30 இலக்கென்றால் கடைசிச் சுற்றுக்கான மணி அடிக்கும்போது 73, 74 என்று காதில் விழ வேண்டும். 69 என்று கேட்டால் மகிழ்ச்சியடைய அதில் ஒன்றுமில்லை.

1500 மீட்டரில் இந்த உடைப்பு இன்னும் அவசியம், ஏனென்றால் அது மூன்றே முக்கால் சுற்று. கோட்டைக் கடக்கும்போது கேட்கும் நேரங்கள் சட்டென்று பிடிபடாது. ஐந்து நிமிடம் இலக்கு என்றால் 100 மீட்டருக்கு 20 விநாடி. முதல் 300-இல் 1:00, 700-இல் 2:20, 1100-இல் 3:40. இந்த மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொண்டு போனால் போதும். இரண்டாவது எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் நடுவில்தான் புதியவர்கள் தொலைந்துபோகிறார்கள்; தொடக்க உற்சாகம் தீர்ந்திருக்கும், கடைசிச் சுற்று மணியும் அடித்திருக்காது.

தமிழ்நாட்டில் பல இளைஞர்களுக்கு 1500 அறிமுகமாவதே காவலர் தேர்வு வழியாகத்தான். அங்கே ஆண்களுக்கு வரம்பு 7 நிமிடம், அதாவது சுற்றுக்கு 1:52. அது அவ்வளவு கடுமையான வேகம் அல்ல. ஆனாலும் முதல் சுற்றை 80 விநாடியில் பறந்துவிட்டு, மூன்றாவது சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களைக் காலை நேர மைதானங்களில் பார்க்கலாம்.

கைபேசிச் செயலிகளில் ஒரு தூரத்தின் நேரத்தைக் கொடுத்தால் இன்னொரு தூரத்துக்குக் கணித்துத் தரும் வசதி இருக்கிறது. பலவற்றின் அடியில் இருப்பது பீட்டர் ரீகல் வகுத்த சூத்திரம். நீண்ட ஓட்டங்களுக்கு அது ஓரளவு சரியாக வரும். ஆனால் மூன்றரை நிமிடத்துக்குக் குறைந்த ஓட்டங்களுக்கு என்று வகுக்கப்பட்டதல்ல. 800-ஐ 2:24-இல் ஓடுபவருக்கு அது 1500-இல் 4:40 என்று ஆசை காட்டும். நான் அந்தக் காலத்தில் ஓடியது 5:05.

மைதானத்தையும் மறந்துவிட வேண்டாம். பள்ளி மண் மைதானத்தில் 200 மீட்டர் வட்டத்தை நான்கு முறை சுற்றி வந்த நேரமும், சிந்தெடிக் ட்ராக்கில் இரண்டு சுற்று ஓடிய நேரமும் ஒன்றல்ல. வளைவுகள் இரட்டிப்பு, பிடிமானம் பாதி. ஜிபிஎஸ் கடிகாரம் 800 என்று காட்டும் இடம் உண்மையான 800-க்குச் சில மீட்டர் முன்பாகவே இருக்கலாம், ட்ராக்கில் கோட்டை நம்புங்கள். போட்டியில் முதல் வளைவு முடிந்து, அவரவர் லேனை (தடத்தை) விட்டு உள்ளே வந்தபின் வளைவில் ஒருவருக்கு வெளிப்புறமாக, இரண்டாவது லேனிலேயே ஓடினால் வளைவுக்கு மூன்றரை மீட்டர் கூடுதல். 800-இல் மீதமுள்ள மூன்று வளைவும் அப்படியே போனால் ஏறக்குறைய இரண்டு விநாடி காற்றோடு போயிற்று. நேரம் வரவில்லையே என்று நொந்துகொள்ளும் முன் எந்த லேனில் ஓடினோம் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி முன்னேற்றத்தின் கணக்கு. முதல் ஆறு மாதத்தில் பத்து விநாடி குறைந்ததும், அடுத்த ஆறு மாதத்திலும் பத்து குறையும் என்று கோடு போடுகிறோம். ஸ்ரீராம் சிங் மாண்ட்ரியலில் ஓடிய 1:45.77 என்ற தேசிய சாதனையை 2018-இல்தான் ஜின்சன் ஜான்சன் 1:45.65 ஓடி முறியடித்தார். 42 ஆண்டில் ஒரு நாடு குறைத்தது 0.12 விநாடி! உங்கள் 2:24 அவ்வளவு பிடிவாதமாக இருக்காது, ஆனால் இரண்டாம் ஆண்டில் மூன்று விநாடி குறைத்தாலே நல்ல ஆண்டு. 800-இல் செலவாகும் சக்தியில் பாதிக்கும் மேல் மூச்சுக்காற்றை நம்பித்தான் வருகிறது. ஆகவே இலக்கைக் கீழே இறக்க நினைப்பவர் 200 மீட்டர் வேகத்தைத் துரத்துவதைவிட வாரத்துக்கு மூன்று நாள் நிதானமாக நாற்பது நிமிடம் ஓடுவது அதிகம் உதவும்.

இலக்கை மாற்றுவதற்கும் முறை இருக்கிறது. ஒரு போட்டி சொதப்பியதும் எண்ணைத் திருத்தாதீர்கள், இரண்டு மூன்று போட்டிகளின் சுற்று நேரங்களை நோட்டில் எழுதி வைத்துப் பார்த்தபின் திருத்துங்கள். மே மாதத்து மதியம் மூன்று மணிக்கு நடக்கும் ஹீட்ஸில் (தகுதிச் சுற்றில்) சொந்தச் சாதனையை எதிர்பார்க்க வேண்டாம். அன்றைக்கு முதல் சுற்று நேரத்தை மட்டும் சரியாகப் பிடித்தால் போதும். பெரிய எண்ணை வெயில் தாழ்ந்தபின் நடக்கும் போட்டிக்கு எடுத்து வையுங்கள்.