வீட்டுச் சட்டத்தறியில் முதல் துணி நெய்வது எப்படி

நெசவு பழக வருகிறவர்களுக்கு எப்போது ஊடை (குறுக்கே போகும் நூல்) ஓட்டலாம் என்பதில்தான் கண். பாவு (தறியில் நெடுக்காகக் கட்டும் நூல்) போடுவதை எப்படியாவது முடித்துவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். துணி நன்றாக வருமா, கோணுமா என்பது பாவு போடும்போதே முடிவாகிவிடும். அதனால் அந்த வேலைக்கே இங்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

தறி

மிதிதறி வேண்டாம். 24 அங்குல நீளம், 16 அங்குல அகலத்தில் ரீப்பைக் கட்டைகளால் ஒரு சட்டம் அடித்துக்கொண்டால் போதும். மூலைகள் ஆடக் கூடாது. மேல் கட்டையிலும் கீழ்க் கட்டையிலும் கால் அங்குலத்துக்கு ஒன்றாக 40 ஆணிகள் அடியுங்கள். ஒரே கோட்டில் அடித்தால் கட்டை பிளக்கும். ஒன்று விட்டு ஒன்றைச் சற்று மேலே ஏற்றி, இரண்டு வரிசையாக அடிக்க வேண்டும். ஆணித் தலைகள் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் நூல் கழன்று வராது.

நூல்

பாவுக்கு முறுக்கேறிய பருத்தி நூல் வாங்குங்கள். மீன்பிடி நைலோன் நூல் திருகோணமலையில் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனால் அது இழுபடும், பாவுக்கு உதவாது. மருதமுனைப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் அங்குள்ள நெசவுக்காரரிடம் விசாரித்துப் பாருங்கள்.

தடிப்பு சரியா என்று பார்க்க நூலை அடிமட்டத்தில் நெருக்கமாகச் சுற்றுங்கள். ஓர் அங்குலத்துக்குள் 16 சுற்று வந்தால் நம் தறிக்கு அளவு. அதில் 8 இழை பாவு, மீதி இடம் ஊடைக்கு. மொத்தப் பாவுக்குச் சுமார் 45 மீற்றர் ஆகும். ஊடைக்குத் தனியாக வாங்க வேண்டும்.

பாவு போடுதல்

கீழே முதல் ஆணியில் நூலை முடிச்சிட்டு, மேலே முதல் ஆணியைச் சுற்றி, கீழே இரண்டாவது ஆணிக்கு வாருங்கள். இப்படியே மேலும் கீழுமாகப் போனால் 10 அங்குல அகலத்தில் ஏறக்குறைய 80 இழை வரும். ஒருவர் நூலுருண்டையை ஒரே பிடியாகப் பிடித்துத் தர, மற்றவர் சுற்றுவது நல்லது. தனியாக இருந்தால் நடுவில் எழுந்து போகாதீர்கள். திரும்பி வந்து பிடிக்கும்போது கையின் இழுவை மாறிவிடும்.

முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரல்களின் பின்பக்கத்தால் இழைகளின் மேல் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை மெதுவாகத் தடவுங்கள். தளர்ந்த இழை விரலுக்கடியில் அமுங்கும், கண்ணைவிடக் கை அதைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும். அந்த இடத்தில் ஆணிக்கும் நூலுக்கும் நடுவே கடதாசியை மடித்துச் செருகினால் இழை விறைக்கும். இதைப் பொறுமையாகச் செய்தவர் பிறகு நெய்யும்போது கஷ்டப்பட மாட்டார்.

நம்மூருக்கென்று ஒரு விஷயமும் இருக்கிறது. கச்சான் என்ற வறண்ட மேல்காற்று அடிக்கும் மாதங்களில் பருத்தி நூல் வறண்டு, சும்மா தொட்டாலே அறும். ஈரம் பட்டால் பருத்திக்குப் பலம் கூடும். எனவே காலையிலேயே நெய்யுங்கள். அல்லது பாவின் மேல் இலேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

விழுது கட்டுதல்

ஓர் அடி அடிமட்டத்தை ஓர் இழைக்கு மேலே, அடுத்த இழைக்குக் கீழே என்று கோத்து மேல்பக்கம் தள்ளி வையுங்கள். அதை நிமிர்த்தினால் பாதி இழைகள் எழும்பி, ஊடை நுழைய வாய் (இடைவெளி) திறக்கும். அடிமட்டத்துக்குக் கீழே கிடக்கும் சுமார் 40 இழைகளுக்கும், அதன் முன்பக்கம், ஒவ்வொரு நூல் வளையம் (இதுதான் விழுது) போட்டு ஒரு குச்சியில் கட்டுங்கள். வளையங்கள் எல்லாம் ஒரே நீளம் இருக்கட்டும். அடிமட்டத்தைப் படுக்கவைத்துக் குச்சியைத் தூக்கினால் மற்றப் பாதி எழும்பும். இனி ஒன்று மாற்றி ஒன்று.

நெய்தல்

முதலில் பழைய சேலைக் கிழிசலை ஓர் அங்குல உயரத்துக்கு நெய்துவிடுங்கள். இழைகள் சமமாகப் பரவும். ஊடையை ஓட்டும் நாடாவுக்குக் கடற்கரையில் வலை கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் ஊசியே அருமையாக உதவும். நூலை அதில் சுற்றி ஓட்டலாம். அடித்து நெருக்க ஒரு முள்ளுக்கரண்டி.

என் பெறாமகள் முதல் துணியை நெய்து வந்தபோது நடுவழியில் நிறுத்திவிட்டு, "சித்தி, துணிக்கு இடுப்பு சிறுத்துப் போச்சு" என்றாள். 10 அங்குலத்தில் தொடங்கியது 8 அங்குலத்துக்கு வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் கரை அழகாக இருக்கவேண்டும் என்று ஊடையை இழுத்து விட்டிருக்கிறாள். புதிதாகப் பழகும் அநேகம் பேருக்கு இது நடக்கும். ஊடையை நேராக இழுக்காமல் நடுவில் வில்லாக வளைத்து விட்டுப் பிறகு நெருக்குங்கள். மேலும் கீழும் போய்வர அதற்குக் கூடுதல் நீளம் தேவை. அங்குலத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். அரை அங்குலம் குறைந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் பிரித்துவிடுங்கள். அவளும் பிரித்தாள், அடுத்த தடவை கரை நேராக வந்தது.

நூல் தீர்ந்தால் பழைய நுனியும் புது நுனியும் ஒரே வாய்க்குள் 2 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் போதும், முடிச்சு வேண்டாம்.

இறக்குதல்

மேலே சில அங்குலம் மிஞ்சும்போது வாய் சரியாகத் திறக்காது. அங்கேயே நிறுத்தி, நான்கு நான்கு இழையாக வெட்டி வெட்டி முடிச்சிடுங்கள். கிழிசல் வரிசையை உருவிவிட்டு மறுமுனையையும் அப்படியே செய்யுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கையால் மெல்லக் கசக்குங்கள். துணி சற்றுச் சுருங்கி, ஊடும் பாவும் ஒன்றோடொன்று படியும். முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுருட்டி ஒற்றி, நிழலில் விரித்துக் காயவிட்டு, ஈரம் முழுதாகப் போகுமுன் அயன் பண்ணுங்கள்.