திருச்சபைப் பேரவைக்கு முதல்முறை போகும் வாலிபப் பிரதிநிதிகள் தவிர்க்க வேண்டியவை

தேசியப் பேரவைக்குத் தேர்வாகும் வாலிபர்கள் பலர் அதை இன்னொரு வாலிபர் முகாமாக நினைத்துக் கிளம்புகிறார்கள். பாட்டும் ஜெபமும் இருக்கும், உண்மைதான். ஆனால் நாளின் பெரும்பகுதி அறிக்கை, வரவு செலவு, தீர்மானம், திருத்தம் என்றே போகும். முன்கூட்டியே அனுப்பப்படும் ஆவணங்களைத் திறந்துகூடப் பார்க்காமல் வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கிறது என்றே புரியாது. எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. பெரியவர்களிலும் அப்படிப் படிப்பவர்கள் குறைவுதான். பிரதிநிதிகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து அமைக்கும் கமிட்டிகளில், உங்கள் கமிட்டிக்கு வரும் தீர்மானங்களை மட்டும் வரிவரியாகப் படியுங்கள்.

பெரிய தவறு வேறு: தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியாமல் போவது. இது சபைக்குச் சபை மாறும். அமெரிக்காவின் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பொதுப் பேரவையில் இளம் ஆலோசனைப் பிரதிநிதிகளுக்குக் கமிட்டியில் முழு ஓட்டு உண்டு. முழு அவையில் பேசலாம், ஆனால் ஓட்டு ஆலோசனை அளவில்தான்; முடிவைத் தீர்மானிக்கும் எண்ணிக்கையில் அது சேராது. “எண்ணாத ஓட்டை எதற்குப் போடுவது?” என்று சலித்துக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. மற்றவர்கள் ஓட்டுப் போடுவதற்கு முன்பே வாலிபர்களின் ஓட்டு அவைக்குக் காட்டப்படுகிறது. அதைவிட முக்கியம் கமிட்டி. தீர்மானத்தின் வாசகம் மாறுவது பெரும்பாலும் அங்கேதான். முழு அவைக்கு வந்த பிறகு ஒரு சொல்லை மாற்றுவதே பெரும்பாடு. கமிட்டியில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு மேடை மைக்குக்காகக் காத்திருப்பது வீண்.

ஆஸ்திரேலியாவின் யூனைட்டிங் சர்ச், உலகத் திருச்சபைகள் மாமன்றம் போன்ற இடங்களில் ஒருமித்த முடிவு என்ற முறை, அதாவது பெரும்பான்மை ஓட்டை மட்டும் நம்பாமல் பேசிப் பேசி எல்லாரும் ஏற்கும் முடிவைத் தேடும் முறை, இருக்கிறது. ஆரஞ்சு அட்டை காட்டினால் ஆதரவு, நீல அட்டை காட்டினால் தயக்கம். அடுத்த வரிசையில் எல்லாரும் ஆரஞ்சைத் தூக்கிவிட்டார்கள் என்பதற்காகத் தானும் தூக்குவது அந்த முறையையே கெடுத்துவிடும். நீல அட்டை சண்டைக்கான அழைப்பு அல்ல. இன்னும் பேச வேண்டியது இருக்கிறது என்று அர்த்தம்.

மைக் கிடைத்ததும் தன் விசுவாச அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல ஆரம்பித்து, விஷயத்துக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிடுவது அடிக்கடி நடக்கும். ஆதரிக்கிறேனா, எதிர்க்கிறேனா என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒரே ஒரு காரணம் போதும். “வாலிபர்கள் எல்லாரும் விரும்புவது இதுதான்” என்று மட்டும் பேசாதீர்கள். உங்கள் பக்கத்தில் இருக்கும் வாலிபரே வேறு மாதிரி நினைக்கலாம்.

தேர்தல் இருந்தால் இடைவேளையில் திடீரென்று பலர் அன்பாக நலம் விசாரிப்பார்கள். பேசுங்கள், ஆனால் யாருக்கு ஓட்டு என்று உறுதி கொடுக்காதீர்கள்.

பலர் கோட்டை விடுவது திரும்பி வந்த பிறகு. வேதாகமத்தில் அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரத்தில் எருசலேமில் நீண்ட வாதத்துக்குப் பிறகு முடிவெடுத்தவர்கள் கடிதத்தோடு நிறுத்தவில்லை. வாய்மொழியாகவும் விளக்கிச் சொல்ல யூதாவையும் சீலாவையும் அந்தியோகியாவுக்கு அனுப்பினார்கள். உங்களை அனுப்பிய சபைக்கோ பெரும்பாலும் போட்டோக்கள்தான் வந்து சேர்கின்றன. கிளம்புவதற்கு முன்பே போதகரிடம் பேசி, அறிக்கை சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் இரவு தூங்குமுன், எது நிறைவேறியது, எது தோற்றது, நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள், ஏன் என்று நான்கு வரி எழுதி வையுங்கள். எப்படி ஓட்டுப் போட்டீர்கள் என்று சபையில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்.