டேஷ்போர்டை உருவாக்குவது பாதி வேலை, பகிர்வது மீதிப் பாதி: லுக்கர் ஸ்டுடியோ முதல் பாடம்

மாதம் பிறந்தால் மேலாளருக்கு ஒரு எக்செல் கோப்பு, கணக்குப் பிரிவுக்கு இன்னொன்று, கிளைகளுக்குத் தனித்தனியே மூன்று. அனுப்பிய மறுநாளே ஒரு பில் திருத்தப்படும். அதன்பிறகு ஐந்து கோப்புகளில் எது சரியான கணக்கு என்று யாருக்கும் தெரியாது. எண்களையும் வரைபடங்களையும் ஒரே திரையில் காட்டும் டேஷ்போர்டு இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது: எண்கள் ஓரிடத்தில் இருக்கும், எல்லோரும் அதையே பார்ப்பார்கள். ஆனால் ‘எல்லோரும்’ என்ற அந்தச் சொல்லில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். அதனால் இந்தப் பாடத்தில் வரைபடங்களைவிடப் பகிர்வதைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறேன்.

கருவி, கூகுளின் லுக்கர் ஸ்டுடியோ. 2016இல் டேட்டா ஸ்டுடியோ என்று அறிமுகமாகி, 2022 அக்டோபரில் இந்தப் பெயரைப் பெற்றது. கூகுள் கணக்கு இருந்தால் போதும். அடிப்படை வசதிகளுக்குக் கட்டணம் இல்லை.

முதலில் தரவைச் சுத்தம் செய்யுங்கள்

கூகுள் ஷீட்ஸில் ஒரு தாளைத் திறந்து, முதல் வரிசையில் தலைப்புகளை மட்டும் எழுதுங்கள்: தேதி, கிளை, விற்பனையாளர், விற்பனை, இலக்கு. அதற்குக் கீழே, ஒரு விற்பனையாளரின் ஒரு நாள் கணக்குக்கு ஒரு வரிசை. மேலே நிறுவனத்தின் பெயரைப் பெரிதாக எழுதி ஐந்து கட்டங்களை ஒன்றாக இணைக்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் உண்டு. அதை விட்டுவிடுங்கள். நடுவில் ‘மொத்தம்’ என்ற வரிசையும் வேண்டாம். இருந்தால் விற்பனை இரண்டு முறை கூட்டப்படும்.

தேதியில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. தாளின் வட்டார அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால், நீங்கள் ஏப்ரல் 3 என்று நினைத்து எழுதும் 03/04 அங்கே மார்ச் 4 ஆகிவிடும். 13/04 என்று எழுதினால், பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் அது தேதியாகவே ஏற்கப்படாது. வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஃபைல் பட்டியலில் செட்டிங்ஸைத் திறந்து, வட்டாரத்தை இந்தியா என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். தொகையோடு ‘ரூ.’ என்று கையால் தட்டச்சு செய்தாலும் இதே கதைதான். அது எண்ணாக இராது, கூட்டலுக்கு உதவாது.

இணைத்தலும் வரைபடமும்

லுக்கர் ஸ்டுடியோவில் புதிய ரிப்போர்ட்டை (டேஷ்போர்டுக்கு அங்கே அதுதான் பெயர்) திறந்தால் தரவு எங்கே இருக்கிறது என்று கேட்கும். கூகுள் ஷீட்ஸைத் தேர்ந்தெடுத்து, உங்கள் கோப்பையும் தாளையும் காட்டி, ‘ஆட்’ அழுத்துங்கள். பிறகு மூன்றே பொருள்களை வையுங்கள்: மொத்த விற்பனையைக் காட்டும் ஸ்கோர்கார்டு, நாள்வாரிக் கோட்டு வரைபடம், கிளைவாரிப் பட்டை வரைபடம். மேலே தேதியைத் தேர்ந்தெடுக்கும் கட்டுப்பாடு ஒன்று. முதல் டேஷ்போர்டுக்கு இது தாராளம்.

சதவீதத்தில் மட்டும் நின்று கவனியுங்கள். மதுரைக் கிளையின் இலக்கு 10 லட்சம், விற்பனை 9 லட்சம். அதாவது 90 சதவீதம். தேனியின் இலக்கு 1 லட்சம், விற்பனை 50,000; 50 சதவீதம். இந்த இரண்டு சதவீதங்களின் சராசரியைக் காட்டினால் 70 என்று வரும். உண்மையில் 11 லட்சம் இலக்கில் 9.5 லட்சம் விற்றிருக்கிறது. 86 சதவீதத்துக்கும் மேல். ஆகவே சதவீதத்தைத் தாளில் கணக்கிட்டு எடுத்து வராதீர்கள். லுக்கர் ஸ்டுடியோவிலேயே புதிய புலம் (நெடுவரிசை போன்றது) ஒன்றைச் சேர்த்து, விற்பனையின் கூட்டுத்தொகையை இலக்கின் கூட்டுத்தொகையால் வகுக்கும் சூத்திரத்தை எழுதுங்கள். எந்தக் கிளையைத் தேர்ந்தெடுத்தாலும் சரியான விடை வரும்.

பகிர்தல்

வலப்பக்கம் மேலே ‘ஷேர்’ பொத்தான் இருக்கிறது. மின்னஞ்சல் முகவரியை எழுதி, வியூவர் (பார்ப்பவர்) அல்லது எடிட்டர் (திருத்துபவர்) என்று உரிமை தர வேண்டும். சந்தேகம் இருந்தால் வியூவர்தான். எடிட்டர் உரிமை பெற்றவர் வரைபடத்தை மாற்றலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்; நீங்கள் எந்த வரைபடத்திலும் வைக்காத புலத்தைக்கூட அவர் இழுத்துப் போட்டுப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற அமைப்பை அலுவலகக் கணக்குக்கு ஒருபோதும் தேர்ந்தெடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் இணைப்பு எத்தனை கை மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் மூன்று கிளைகளுக்கும் ஒரே டேஷ்போர்டைப் பகிர்ந்தேன். கிளையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஒன்றை மேலே வைத்து, அவரவர் தம் கிளையைப் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன். அதில் விற்பனையாளர்களின் ஊக்கத்தொகை அட்டவணையும் இருந்தது. ஒரே வாரத்தில் ஒரு கிளைப் பெண்ணின் ஊக்கத்தொகை மற்ற கிளைகளில் பேச்சானது. “சார், என் சம்பளத்தை ஏன் எல்லாரும் பேசுறாங்க?” என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன், அட்டவணையை நீக்கினேன். ஆனால் பார்த்தவர்கள் பார்த்தாகிவிட்டது.

தேர்வுப் பட்டியல் என்பது வசதி, பூட்டு அல்ல. பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது. தரவு மூலத்தை (தாளை ரிப்போர்ட்டோடு சேர்க்கும் இணைப்பை) திருத்தும் பக்கத்தில் ‘டேட்டா கிரெடென்ஷியல்ஸ்’ என்பதைப் பாருங்கள். அது ‘ஓனர்’ஸ்’ என்று இருந்தால், ரிப்போர்ட்டைத் திறக்கும் ஒவ்வொருவரும் உங்கள் சாவியை வைத்துத்தான் தரவைப் பார்க்கிறார்கள். மூலத் தாளைப் பார்க்க அவர்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்கப்படாது. ‘வியூவர்’ஸ்’ என்று மாற்றினால், தாளிலும் அனுமதி உள்ளவருக்கே எண்கள் தெரியும்.

கிளைக்குக் கிளை பிரித்துக் காட்ட, தாளில் இன்னொரு நெடுவரிசை சேர்த்து, ஒவ்வொரு வரிசையிலும் அந்தக் கிளை மேலாளரின் மின்னஞ்சலை நிரப்புங்கள். தரவு மூலத்தில் ‘ஃபில்டர் பை ஈமெயில்’ என்பதை இயக்கி அந்தப் புலத்தைக் காட்டுங்கள். இனி தேனி மேலாளர் தம் கூகுள் கணக்கில் நுழைந்து திறந்தால் தேனி வரிசைகள் மட்டுமே வரும். தலைமை அலுவலகம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமே? அதற்கு வடிகட்டி இல்லாத தரவு மூலத்தோடு தனி ரிப்போர்ட் ஒன்றை உருவாக்கி, அவர்களுக்கு மட்டும் பகிருங்கள். ஊக்கத்தொகை போன்றவற்றை இந்தத் தாளிலேயே வைக்காதீர்கள். தனிக் கோப்பில் இருக்கட்டும்.

பகிர்வு அமைப்புகளில், பார்ப்பவர்கள் பதிவிறக்குவதையும் அச்சிடுவதையும் நகலெடுப்பதையும் தடுக்கும் தெரிவு உண்டு. இயக்கிவிடுங்கள். எடிட்டர்களை அது கட்டுப்படுத்தாது. திரையைப் படம் பிடிப்பதையும் தடுக்காது.

அறிவிக்கும் முன் ஒரு சோதனை. உலாவியின் இன்காக்னிட்டோ சாளரத்தில் இணைப்பைத் திறங்கள். கணக்கில் நுழையச் சொல்லாமலே எண்கள் தெரிந்தால், உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறீர்கள். பிறகு ஒரு கிளை மேலாளரை அருகில் உட்காரவைத்து, அவர் கணக்கில் திறக்கச் சொல்லிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை இது.

பகிர்ந்த பிறகு

“இப்போதுதான் தாளில் மாற்றினேன், டேஷ்போர்டில் வரவில்லை” என்று தொலைபேசி வரும். ஷீட்ஸ் தரவை லுக்கர் ஸ்டுடியோ வழக்கமாக 15 நிமிடம் சேமித்து வைத்துக் காட்டும். அவசரமானால் மூன்று புள்ளிப் பட்டியலில் ‘ரெஃப்ரெஷ் டேட்டா’ அழுத்தலாம். திங்கள் காலை தானாகவே பிடிஎஃப் மின்னஞ்சலில் போகும்படி ஷேர் பட்டியலில் ‘ஷெட்யூல் டெலிவரி’ வைக்கலாம். ஆனால் அனுப்பிய பிடிஎஃபைத் திரும்பப் பெற முடியாது என்பதை நினைவில் வைத்துப் பெறுநர்களைச் சேருங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பகிர்வுப் பட்டியலைத் திறந்து, வேலையை விட்டுச் சென்றவர்களை நீக்குங்கள். விட்டுச் செல்பவர் நீங்களானால், கணக்கு மூடப்படும் முன்பே ரிப்போர்ட், தரவு மூலம், ஷீட்ஸ் கோப்பு ஆகிய மூன்றின் உரிமையையும் அடுத்தவர் பெயருக்கு மாற்றுங்கள். தரவு மூலத்தின் கிரெடென்ஷியல்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அவரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். அது பழைய பெயரிலேயே நின்றுவிட்டால், உங்கள் கணக்கு மூடப்பட்ட அன்று மூன்று கிளைகளின் திரையிலும் எண்கள் இருந்த இடத்தில் பிழைச் செய்திதான் இருக்கும்.