ஆப்பிள் 2 கணினியில் லோ-ரெஸ் வரைகலை எழுதும் முறை

1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினியில் லோ-ரெஸ் எனப்படும் பெரிய கட்டங்களாலான குறைந்த நுணுக்க வரைகலைக்கென்று தனி நினைவகம் கிடையாது. எழுத்துத் திரைக்காக 1024 முதல் 2047 வரையிலான முகவரிகளில் வைக்கப்பட்ட பைட்டுகளையே வன்பொருள் வண்ணக் கட்டங்களாகப் படித்துக் காட்டுகிறது. இம்முறையின் விசித்திரங்கள் பெரும்பாலும் இந்தச் சிக்கனத்திலிருந்தே பிறக்கின்றன.

அக்கணினியின் நிரல்மொழிகளுள் ஒன்றான ஆப்பிள்சாஃப்ட் பேசிக்கில் 'ஜிஆர்' கட்டளையைக் கொடுத்தால், அகலத்தில் 40, உயரத்தில் 40 எனக் கட்டங்கள் கருமையாகத் துடைக்கப்பட்டு, அடியில் நான்கு எழுத்து வரிகள் எஞ்சும். 'கலர்=13' என்று மஞ்சளைத் தேர்ந்து, 'பிளாட் 10,21' என்றால் ஒரு கட்டம் நிறம் பெறும். கிடைக்கோட்டுக்கு 'எச்லின்', நிலைக்கோட்டுக்கு 'விலின்'. ஒரு கட்டத்தின் நிறத்தைத் திரும்பக் கேட்டறியும் 'ஸ்க்ரின்' கட்டளை, பந்து சுவரில் மோதியதா என்று பார்க்க மிகவும் உதவும். ஆப்பிள் 2ஐ வடிவமைத்த வாஸ்னியாக், பந்தால் செங்கல் சுவரை உடைக்கும் பிரேக்அவுட் விளையாட்டை பேசிக்கிலேயே எழுதிவிட விரும்பித்தான் இத்தகைய வரைகலைக் கட்டளைகளை முதலில் சேர்த்தார்.

அடியிலுள்ள எழுத்து வரிகள் வேண்டாமெனில் ஒரு முகவரியில் ஒரு மதிப்பை நேரடியாக எழுதும் 'போக்' கட்டளையை 'போக் -16302,0' என்று கொடுத்து 48 வரிசைகளையும் பெறலாம். உடனே அடிப்பகுதியில் கருப்பும் சாம்பலுமாகப் பட்டைகள் தோன்றும், இது பழுதன்று. அங்கே இருக்கும் வெற்றிட எழுத்தின் மதிப்பு 160, அதாவது 16 பெருக்கல் 10. ஆகவே மேல்கட்டம் 0 என்னும் கருப்பாகவும் கீழ்க்கட்டம் 10 என்னும் சாம்பலாகவும் படிக்கப்படுகின்றன. 40 முதல் 47 வரையிலான வரிசைகளில் 'கலர்=0' வைத்துக் கிடைக்கோடுகள் இட்டால் பட்டைகள் மறையும். நிறம் 5உம் சாம்பலே என்பதால், பதினாறு எண்கள் இருந்தாலும் கண்ணுக்குத் தெரிவன பதினைந்து நிறங்களே.

வேகம் வேண்டுமானால் நினைவகத்தில் நேரடியாக எழுத வேண்டும். ஒவ்வொரு பைட்டும் ஒன்றன்கீழ் ஒன்றான இரு கட்டங்களைத் தாங்குகிறது. மேல்கட்டத்தின் நிறத்தோடு கீழ்க்கட்டத்தின் நிறத்தை 16ஆல் பெருக்கிக் கூட்டினால் பைட்டின் மதிப்பு கிடைக்கும். முகவரிதான் சற்றுக் குழப்பும், ஏனெனில் அடுத்தடுத்த வரிகள் நினைவகத்தில் அடுத்தடுத்து இல்லை. கட்ட வரிசை எண்ணை 2ஆல் வகுத்து எழுத்து வரியைக் கண்டு, அதை 8ஆல் வகுக்க வேண்டும். மீதியை 128ஆலும் ஈவை 40ஆலும் பெருக்கி, அவற்றோடு 1024ஐயும் நிரல் எண்ணையும் கூட்ட வேண்டும். வரிசை 21, நிரல் 10 என்றால் எழுத்து வரி 10, ஈவு 1, மீதி 2. ஆக முகவரி 1024+256+40+10, அதாவது 1330. மேலே ஆரஞ்சு 9, கீழே மஞ்சள் 13 வேண்டுமெனில் 'போக் 1330,217' போதும். ஆப்பிள்சாஃப்டில் மீதி காணும் கட்டளை இல்லாததால், 24 வரிகளின் தொடக்க முகவரிகளையும் புரோகிராமின் ஆரம்பத்திலேயே ஓர் அணியில் கணக்கிட்டு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

திரையைத் துடைக்கும்போதும் இந்த முகவரி அணியின் வழியாகவே செல்ல வேண்டும். ஒவ்வொரு 128 பைட்டிலும் மூன்று வரிகள் 120ஐ எடுத்துக்கொள்ள, திரையில் தெரியாத 8 பைட்டுகள் மிஞ்சுகின்றன. அவற்றில் வட்டு இயக்கி போன்ற துணை அட்டைகள் தம் குறிப்புகளை வைத்திருக்கக்கூடும் என்பதால், 1024 முதல் 2047 வரை கண்மூடித்தனமாகப் பூஜ்யம் எழுதக் கூடாது.