ஜிமிக்கி தெளிவு, கண் மங்கல்: ஆட்டோஃபோகஸைச் சரிசெய்யும்போது நேரும் தவறுகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் ஒரு கோயில் திருமணம். தாலி ஏறிய கையோடு மணப்பெண் சற்றே திரும்பித் தன் தாயைப் பார்த்தாள். 85 மி.மீ. லென்ஸில், எஃப்/1.8 என்ற அகலத் துளையில் அதைப் பிடித்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது, காதில் தொங்கிய ஜிமிக்கியின் முத்துகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்போல் இருந்தது. கண்ணில் திரண்டிருந்த நீர் மட்டும் மங்கல்.

கண்ணுக்கும் காதுக்கும் அப்படி என்ன தூரம்? ஆனால் இரண்டு மீட்டர் தொலைவில் அந்த லென்ஸ், ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. படச்சுருள் அளவு சென்சார் உள்ள) கேமராவில், ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் ஆழத்தைத்தான் கூர்மையாகக் காட்டும். ஃபோகஸ் கொஞ்சம் பின்னால் தள்ளி விழுந்தாலே கண் போய்விடும், காது நின்றுவிடும்.

உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவில் படம் பதிவாகும் இடம் வேறு, ஃபோகஸை அளக்கும் இடம் வேறு. பெரிய கண்ணாடிக்குப் பின்னால் உள்ள ஒரு சின்னக் கண்ணாடி, ஒளியில் ஒரு பங்கைக் கேமராவின் அடிப்பகுதியில் உள்ள ஆட்டோஃபோகஸ் சென்சாருக்குத் திருப்பிவிடுகிறது. இந்த இரண்டு பாதைகளின் நீளமும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். பிசகினால், "கிடைத்துவிட்டது" என்று கேமரா சொல்லும் இடத்துக்கு முன்னாலோ பின்னாலோ கூர்மை விழும். 2007-இல் வந்த கேனன் இஓஎஸ்-1டி மார்க் 3, நிக்கான் டி3, டி300 போன்ற கேமராக்களில் இதை நாமே திருத்திக்கொள்ள மெனுவில் வழி வைத்தார்கள். மைனஸ் 20 முதல் பிளஸ் 20 வரை ஓர் எண். கேனன் இதை மைக்ரோ அட்ஜஸ்ட்மெண்ட் என்கிறது, நிக்கான் ஃபைன் டியூன் என்கிறது.

இந்த எண் மாறாத பிழையை மட்டுமே திருத்தும். பத்துப் படம் எடுத்தால் பத்திலும் ஃபோகஸ் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு தள்ளி விழ வேண்டும். மூன்று முன்னால், நான்கு பின்னால், மூன்று சரி என்றால் அங்கே திருத்த ஒன்றும் இல்லை. காரணம் வேறெங்கோ இருக்கிறது. முதல் தவறும் பெரிய தவறும் இதைப் பார்க்காமலே மெனுவைத் திறப்பதுதான்.

காரணம் எங்கெல்லாம் இருக்கலாம்? கோயிலின் மங்கிய வெளிச்சத்தில் ஷட்டர் வேகம் 1/60 நொடிக்கு இறங்கியிருக்கும்; ஆள் அசைந்திருப்பார். நடுப்புள்ளியில் ஃபோகஸ் பிடித்து, பிறகு கேமராவைத் திருப்பிச் சட்டத்தை அமைத்திருப்பீர்கள். ஒன்றரை மீட்டரில் 15 பாகை திருப்பினாலே கூர்மை ஐந்து சென்டிமீட்டர் பின்னால் போய்விடும். மலிவான ஃபில்டரும் படத்தைக் கெடுக்கும். நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணம் ஈரப்பதம். தைப்பூசத்தன்று விடியற்காலையில், குளிரூட்டிய காரில் வந்து தண்ணீர்மலை அடிவாரத்தில் இறங்கி உடனே லென்ஸ் மூடியைக் கழற்றினால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். முன்பக்கத்தைத் துடைத்துவிட்டு எடுக்கத் தொடங்குகிறோம். பின்கண்ணாடியிலும் படிந்திருக்கலாம் என்பது நினைவுக்கு வருவதில்லை. அன்றைய படங்களைப் பார்த்து லென்ஸைத் திருத்தப் போனால், நல்ல லென்ஸைக் கெடுத்ததாக முடியும். கேமராவைப் பைக்குள்ளேயே வைத்து, பையை மூடியபடி அரை மணி நேரம் வெளிக்காற்றில் விடுங்கள். அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.

லென்ஸைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்றால், அதை உறுதிசெய்ய, பின்திரையில் பார்த்துப் படமெடுக்கும் லைவ் வியூ இருக்கிறது. லைவ் வியூவில் கேமரா, படம் பதியும் சென்சாரைக் கொண்டே ஃபோகஸ் பிடிப்பதால் அந்தப் பாதைப் பிசகு அங்கே வராது. முக்காலியில் நிறுத்தி, லைவ் வியூவில் ஒரு படமும் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாகப் பத்துப் படமும் எடுங்கள். லைவ் வியூ படம் கூர்மையாகவும், மற்ற பத்தும் ஒரே மாதிரி மங்கலாகவும் இருந்தால் திருத்தம் தேவை. இரண்டுமே மங்கல் என்றால் மெனுவைத் தொடாதீர்கள். ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அந்தத் திருமணப் படத்தைப் பார்த்த இரவே நான் மெனுவைத் திறந்தேன். அறையில் மஞ்சள் விளக்கு. மேசைமேல் ஓர் அளவுகோலைச் சாய்த்து வைத்து, ஒரு மீட்டர் தொலைவிலிருந்து நான்கைந்து படம். மைனஸ் 11 என்று விடை வந்தது. மறுவாரம் ஜார்ஜ்டவுனில் ஒரு நிச்சயதார்த்தம். பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களில் மூக்கு நுனியும் மூக்குத்தியும் கூர்மை, கண் மங்கல். இப்போது பிழை எதிர்ப்பக்கம் போயிருந்தது.

அந்த ஓர் இரவில் மூன்று தவறுகள். அளவுகோலைச் சாய்த்து வைத்து அதன் மேலேயே ஃபோகஸ் பிடிக்கக் கூடாது. வியூஃபைண்டரில் தெரியும் சிறு சதுரத்தைவிட ஆட்டோஃபோகஸ் சென்சார் பார்க்கும் பரப்பு பெரியது. சாய்ந்த அளவுகோலில் எந்தக் கோட்டைப் பிடித்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஃபோகஸ் பிடிக்கத் தட்டையான, கறுப்பு வெள்ளை நன்றாகத் தெரியும் ஒரு பரப்பு வேண்டும், அது கேமராவுக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். அளவுகோலை அதன் பக்கத்தில் சாய்த்து வைத்து, எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று படிக்க மட்டும் பயன்படுத்தலாம்.

தொலைவு இரண்டாவது. லென்ஸின் மேல் மி.மீ.யில் எழுதியிருக்கும் குவியத் தூரத்தைப் போல் 50 மடங்கு என்பது நல்ல கணக்கு. 50 மி.மீ. லென்ஸுக்கு இரண்டரை மீட்டர், 85-க்கு நாலேகால். ஒரு மீட்டரில் சரியாக வரும் எண் நான்கு மீட்டரில் சரியாக வரும் என்று நம்ப முடியாது. மூன்றாவது வெளிச்சத்தின் நிறம். மஞ்சள் விளக்கில் ஆட்டோஃபோகஸ் காட்டும் அளவு பகல் வெளிச்சத்தில் காட்டுவதிலிருந்து சற்று விலகலாம். ஆகவே, நீங்கள் அதிகம் எடுக்கும் வெளிச்சத்தில் சோதியுங்கள்.

இப்போது நான் சோதிப்பது எங்கள் கடைவீட்டு அஞ்சடியில் (கடை முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில்), காலை ஒன்பது மணி வாக்கில். நிழல் இருக்கிறது, வெளிச்சம் சீராக இருக்கிறது, நாலேகால் மீட்டர் நீளமும் கிடைக்கிறது. தமிழ் நாளிதழின் முதல் பக்கத்தைத் தூணில் ஒட்டிவிடுவேன். கொட்டை எழுத்துத் தலைப்பில் நடுப்புள்ளி. துளையை முழுதாகத் திறந்து, அதிர்வு தடுப்பை அணைத்து, ரிமோட்டில் ஷட்டரை இயக்குகிறேன். தெருவில் மோட்டார் சைக்கிள் போனால் தரை அதிரும், அது கடக்கும் வரை காத்திருக்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் முன் ஃபோகஸ் வளையத்தைக் கையால் கலைத்துவிட வேண்டும். ஐந்து முறை அண்மைப் பக்கம், ஐந்து முறை தொலைவுப் பக்கம். கலைக்காமல் அழுத்தினால் லென்ஸ் அசையாமல் பழைய இடத்திலேயே நிற்கும், பத்துப் படமும் ஒரே படம்தான். இப்படிச் சோதித்தபோது என் லென்ஸுக்கு வந்த எண் மைனஸ் 4.

குறியில் குழம்புபவர்கள் உண்டு. கூர்மை முன்னால் விழுந்தால் பிளஸ், பின்னால் விழுந்தால் மைனஸ். பிளஸ் ஃபோகஸைத் தொலைவுக்குத் தள்ளும், மைனஸ் கேமராவை நோக்கி இழுக்கும். 20-ஐ நெருங்கியும் சரியாகவில்லை என்றால் மெனுவோடு மல்லுக்கட்டாமல் லென்ஸையும் கேமராவையும் சேர்த்தே சேவை மையத்துக்குக் கொண்டுபோங்கள்.

மெனுவில் இந்த எண் பதிவாவது கேமராவில், லென்ஸில் அல்ல. அதே லென்ஸை நண்பரின் கேமராவில் மாட்டினால் உங்கள் திருத்தம் அங்கே இராது. எல்லா லென்ஸுக்கும் ஒரே எண் என்ற தேர்வும் மெனுவில் இருக்கும். அதைத் தொட வேண்டாம், ஒரு லென்ஸின் பிழையை மற்றவற்றின் தலையில் கட்டிவிடும். பழைய கேமரா வாங்கினால், முன்பு வைத்திருந்தவர் பதிந்த எண்கள் உள்ளே கிடக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். லென்ஸ் நிறுவனமான சிக்மாவின் யுஎஸ்பி டாக், அதன் லென்ஸைக் கணினியோடு இணைக்கும் கருவி, வேறு வகை. திருத்தத்தை லென்ஸுக்குள்ளேயே எழுதும். ஜூம் லென்ஸில் நான்கு குவியத் தூரம், ஒவ்வொன்றிலும் நான்கு தொலைவு என 16 இடங்களில் திருத்தலாம். பொறுமை உள்ளவர்களுக்கு அது நல்ல கருவி.

அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவில் ஃபோகஸை அளப்பதும் படம் பதிவதும் ஒரே சென்சாரில் என்பதால் இந்த வேலை பெரும்பாலும் தேவைப்படாது. சிலவற்றின் மெனுவில் இந்தத் தேர்வு இருக்கிறது என்பதற்காக அதைத் திருகிப் பார்க்க வேண்டியதில்லை.

கேமரா கீழே விழுந்தாலோ பழுது பார்த்து வந்தாலோ சோதனையை மறுபடி செய்யுங்கள். எந்தக் கேமரா, எந்த லென்ஸ், எவ்வளவு தொலைவு, என்ன வெளிச்சம், என்ன எண் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். என்னுடைய தாள் லென்ஸ் பையின் உள்ளறையில் இருக்கிறது.