டூப்ளிகேட் கிளாஸ் எரரைச் சரிசெய்தது: என் அனுபவம்

ஆண்ட்ராய்டு ஆப்பில் பார்கோடு ஸ்கேன் செய்ய ஒரு பழைய லைப்ரரியைச் சேர்த்ததும் பில்ட் (கோடை ஆப்பாக மாற்றும் வேலை) 'டூப்ளிகேட் கிளாஸ்' என்று நின்றுவிட்டது. கிளீன் பண்ணினேன், கேஷை அழித்தேன், அரை நாள் போனதுதான் மிச்சம். அப்புறம்தான் எரரை முழுசாகப் படித்தேன். 'ஐநோட்டிஃபிகேஷன்சைட்சேனல்' என்ற ஒரே கிளாஸ் இரண்டு இடத்திலிருந்து வருகிறது, ஒன்று ஆண்ட்ராய்டுஎக்ஸ் கோர், இன்னொன்று ஆண்ட்ராய்டுஎக்ஸ் வருவதற்கு முன் அதன் இடத்தில் இருந்த பழைய சப்போர்ட் லைப்ரரி 28.0.0. நான் பழசைச் சேர்க்கவே இல்லையே என்று பில்ட் டூலான கிரேடிலில் டிபெண்டன்சி ட்ரீயை, அதாவது எந்த லைப்ரரி எதை இழுத்து வருகிறது என்ற பட்டியலை, எடுத்துப் பார்த்தால், அந்த ஸ்கேனர் லைப்ரரிக்குக் கீழே அது உட்கார்ந்திருக்கிறது.

கிரேடில் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் யூஸ்ஆண்ட்ராய்டுஎக்ஸ் என்ற செட்டிங் ஏற்கனவே ட்ரூ, எனேபிள்ஜெட்டிஃபையர் வரிதான் இல்லை. அதையும் ட்ரூ என்று போட்டேன், பில்ட் ஓடியது. ஜெட்டிஃபையர் பழைய லைப்ரரிக்குள் இருக்கும் சப்போர்ட் பெயர்களை ஆண்ட்ராய்டுஎக்ஸ் பெயர்களாக மாற்றிவிடும், நம் கோடைத் தொடாது.

ஆனால் எல்லா லைப்ரரியையும் அது சோதிப்பதால் பில்ட் மெதுவாகிறது, எனக்கு அது பிடிக்கவில்லை. அதே லைப்ரரியின் புதிய வெர்ஷன் ஆண்ட்ராய்டுஎக்ஸுக்கு மாறியிருந்தது. அதற்கு ஏற்றிவிட்டு, ட்ரீயில் சப்போர்ட் என்ற பெயரே இல்லை என்று பார்த்த பிறகு ஜெட்டிஃபையரை எடுத்துவிட்டேன்.