பீர் காய்ச்ச பர்னர் வாங்கும்போது தவிர்க்க வேண்டியவை

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்குகிறவர்கள் முதலில் சமையலறை அடுப்பிலேயே சமாளித்துவிடுவார்கள். 5 காலன் பீருக்கான வோர்ட் முழுவதையும், அதாவது மால்ட்டிலிருந்து (முளைகட்டி உலர்த்திய பார்லி) இறக்கிய இனிப்புச் சாற்றை, ஒரே பாத்திரத்தில் கொதிக்கவைக்கும் ஆசை வந்ததும் புரொபேன் பர்னர் தேடுவார்கள். எங்கள் செட்டில் எல்லோரும் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளைப் புதிதாக வருகிறவர்களும் வரிசையாகச் செய்யும்போது மனசு கேட்பதில்லை. லீக் பார்க்கச் சோப்புத் தண்ணீர், பக்கத்தில் தீயணைப்பான் என்பதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. அதில் இல்லாததைச் சொல்கிறேன்.

பெட்டியில் உள்ள பி.டி.யு. எண்ணைப் பார்த்து வாங்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதைப் பார்த்தால்தான். பி.டி.யு. என்பது வெப்பத்தை அளக்கும் அலகு. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று வாங்கிவிடுகிறார்கள். ரெகுலேட்டரை முழுக்கத் திறந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு எரியும் என்பதுதான் அந்த எண். பாத்திரத்துக்குள் எவ்வளவு சூடு போகும் என்பதை அது சொல்லாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 காலன் பீருக்கு ஏறத்தாழ 7 காலனில் கொதி தொடங்கும். எடை 58 பவுண்டு. ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்க ஒரு பி.டி.யு. வேண்டும். 60 டிகிரியிலிருந்து 212 வரை ஏற்ற 9,000-க்குச் சற்றுக் குறைவு. பாதிச் சூடு காற்றோடு போனாலும் 18,000 போதும். 60,000 பி.டி.யு. பர்னர் இதை 18 நிமிடத்தில் முடித்துவிடும். இரண்டு லட்சம் எதற்கு?

போன வருடம் ஒரு தம்பி அப்படியொன்றை வாங்கி வந்தார். தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறியது. வால்வு கைப்பிடியின் பிளாஸ்டிக் உறை இளகித் தொங்கியது. முதல் நுரை பால் பொங்குவதுபோல் எழும்பியதும் தீயைக் குறைக்கப் பார்த்தார், குறையவில்லை. ஒன்று சீறியது, இல்லாவிட்டால் அணைந்தது. வோர்ட் வழிந்து பர்னர் துளைகளில் சர்க்கரைப் பாகாகக் கருகி அடைத்துக்கொண்டது. கொட்டிக் கொடுத்த காசில் அன்று கிடைத்தது அதுதான்.

20 பவுண்டு சிலிண்டரில் இருப்பதே சுமார் 4,30,000 பி.டி.யு. இரண்டு லட்சத்தை முழு வீச்சில் எரித்தால் இரண்டு மணி நேரத்தில் தீர வேண்டும். அதுவரைகூட ஒழுங்காக எரியாது. அவ்வளவு வேகமாக கேஸை உறிஞ்சினால் சிலிண்டர் குளிர்ந்து, வெளியே பனி படிந்து, அழுத்தம் விழுந்துவிடும். கொதியோ 60 நிமிடம். பில்ஸ்னர் என்ற வெளிர்நிற மால்ட் என்றால் பலர் 90 நிமிடம் வைப்பார்கள்.

அதனால் கடையில் கேட்க வேண்டியது, தீயை எவ்வளவு சிறிதாக்க முடியும் என்பதைத்தான். நுணுக்கமாகத் திருகும் நீடில் வால்வு இருக்கிறதா பாருங்கள். தீவட்டம் பாத்திரத்தின் அடிக்குள் அடங்க வேண்டும். 10 அங்குல பாஞ்சோ பர்னர் பரவலாக எரியும். 14 அங்குலப் பாத்திரத்துக்குச் சரியாக இருக்கும். ஜெட் பர்னர் ஒரே இடத்தில் குத்தி எரியும், காதும் வலிக்கும்.

வான்கோழி வறுக்கும் செட்டை மலிவாக வாங்குவது

வான்கோழி சமைக்கும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்ததும் பாதி விலைக்குக் கிடைக்கும். பல செட்டுகளில் ஸ்டாண்ட் உயரம், கால்கள் குறுகல். சிலவற்றில் டைமர் வேறு. 15 நிமிடத்துக்கு ஒருமுறை திருகாவிட்டால் கேஸை நிறுத்திவிடும். எண்ணெய்க்கு அது நல்ல பாதுகாப்பு, ஒரு மணி நேரக் கொதிக்குத் தொல்லை.

7 காலன் வோர்ட் பாத்திரத்தோடு 30 கிலோவைத் தொடும். ஸ்டாண்ட் குட்டையாக, அகலமாக, பற்றவைத்த கால்களோடு இருக்கட்டும். வோர்ட் அடுத்த பாத்திரத்துக்குத் தானாக இறங்கட்டும் என்று செங்கல் வைத்து உயர்த்தாதீர்கள். கொதிக்கும் சர்க்கரைச் சாறு தோலில் ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். ஆறவைத்த பிறகு பம்போ சைஃபனோ போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

கிரில் ரெகுலேட்டரை மாட்டுவது

அது அரை பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) கூடத் தராது. உயர் அழுத்த பர்னருக்கு அதற்கேற்ற ரெகுலேட்டரே வேண்டும்.

சிலிண்டரைச் சட்டென்று திறப்பது

கேஸ் ஒரேயடியாகப் பாய்ந்தால், லீக் என்று நினைத்து உள்ளே இருக்கும் தடுப்பு விழுந்துவிடும். தீ சோம்பலாக எரியும். பர்னர் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. எல்லாவற்றையும் மூடி, கொஞ்ச நேரம் விட்டு, பர்னர் வால்வு மூடியிருக்கும்போதே சிலிண்டரை மெதுவாகத் திறங்கள். அப்புறம் பர்னர்.

கராஜுக்குள் காய்ச்சுவது

கதவைத் திறந்து வைத்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

மரத்தளத்தில் வைப்பது

வேண்டாம்.

காற்றுக்கு நான்கு பக்கமும் மறைப்பது

சூடு வெளியேற வழியில்லாமல் கீழே திரும்பி, ஹோஸையும் வால்வையும் சுடும். காற்று வரும் பக்கத்தை மட்டும் மறையுங்கள். ஹோஸ் வரும் பக்கம் திறந்தே இருக்கட்டும். சிலிண்டரை ஹோஸ் நீளும் மட்டும் தள்ளி வையுங்கள்.